ஆமென் அக்கா எழுதாத சீட்டுகள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆமென் அக்கா என்று பெயர். யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது. வைத்தவர்கள் அன்பாக வைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். எதைச் சொன்னாலும் மறுக்காமல் தலையாட்டுகிறவள் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை காலை வேலைக்கு ஆள் வரவில்லையா, ஆமென் அக்காவைக் கூப்பிடு. யாருடைய அலமாரிப் பூட்டாவது உடைந்துவிட்டதா, ஆமென் அக்கா தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, பையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். சபைக்குப் போகிறவளைத்தான் ஞாயிறு காலையில் கூப்பிடுகிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கூப்பிட்டிருப்பார்கள்.

வெளியே பார்த்தால் சாந்தமே உருவான நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி. உள்ளே எந்நேரமும் பொங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து பஸ் ஏறினால், அன்றைக்கு யார் யார் தன் தலையில் மிளகாய் அரைத்தார்கள் என்று ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி வைத்து, அவர்களிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லித் தீர்ப்பாள். இறங்கும் இடம் வரும்போது எல்லாரையும் மன்னித்துவிடுவாள். சில நாள் நெரிசல் இல்லாமல் பஸ் வேகமாகப் போய்விட்டால் இரண்டு பேர் மன்னிப்புக் கிடைக்காமலே நின்றுவிடுவார்கள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் இப்படி இல்லை. அப்போது அவளுடைய பெயர் பட்டாசு. துடைத்து வைத்த மேசைமேல் வார்டு ஊழியன் ஒருவன் அழுக்குத் துணியைப் போட்டான் என்று எஃகுக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தவள். குறி தப்பியது அவனுடைய நல்ல நேரம். மூக்குக்கு மேல் கோபம் வந்தால் எதிரே நிற்பது டாக்டரா வாட்ச்மேனா என்று பார்க்க மாட்டாள். அதற்கப்புறம் ஒரு பெரிய காய்ச்சலில் படுத்தாள், பக்கத்து வீட்டுக்காரி சபைக்கு அழைத்துப் போனாள், அங்கே என்னவோ அவளைத் தொட்டது, ஞானஸ்நானம் எடுத்தாள். எடுத்த வாரமே கர்த்தரிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். வேலையிடத்தில் கோபத்தோடு வாயைத் திறக்க மாட்டேன்.

நல்ல வாக்குதான். கோபமில்லாமல் வாயைத் திறப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். அதனால் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

அவளுக்கு வேலை, அறுவைச் சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்கிற பிரிவில். கட்டடத்தின் அடித்தளத்தில் வரிசையாக மூன்று அறைகள். முதல் அறையில், ரத்தத்தோடு வருகிற கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவுவார்கள். இரண்டாவது அறையில், கழுவி வந்ததைச் சோதித்து, எண்ணிப் பார்த்து, துணியில் கட்டுவார்கள். மூன்றாவது அறையில் கிருமியைக் கொல்லுகிற பெரிய நீராவி இயந்திரம் உட்கார்ந்திருக்கும். அறைகளுக்கு நடுவே சுவரில் கண்ணாடி ஜன்னல்கள். கருவிகள் அடுக்கிய டிரேக்கள் அவற்றின் வழியாகத்தான் போகும். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கத்துக்கு வரக்கூடாது.

ஆமென் அக்கா இரண்டாவது அறை. ஒரு நீண்ட மேசை, மேலே வெள்ளை விளக்கு, வளைகிற கம்பியில் ஒரு பூதக்கண்ணாடி. கத்தரியைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்துத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அழுக்கு இருந்தால் சிவப்புச் சீட்டு எழுதி, டிரேயோடு ஜன்னல் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பதிவேட்டில் 'முதல் சோதனையில் சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அவ்வளவுதான், பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கழுவும் அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். வயது முப்பதுகூட இருக்காது. அதுவரை துணி வெளுக்கும் பிரிவில் இருந்தவள், ஒப்பந்தக் கம்பெனி அனுப்பிய ஆள். வந்த மூன்றாம் நாளே அவளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது: எக்ஸ்பிரஸ். மற்ற ஷிப்டு ஆட்கள் ஒரு டிரே கழுவி முடிப்பதற்குள் அவள் இரண்டு கழுவித் தள்ளினாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் காலை, ஜன்னலைத் திறந்து அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க நல்லா ஜெபம் பண்ணுவீங்களாமே. எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லி வைங்கக்கா."

"என்ன விஷயம்மா?"

"இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் இல்லக்கா. அந்த மனுஷன் விட்டுட்டுப் போய் மூணு வருஷமாச்சு. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க."

ஜெபிக்கிறேன் என்று அக்கா சொன்னாள். அன்று மதியமே, எக்ஸ்பிரஸ் அனுப்பிய டிரேயில் ஒரு கத்தரியைத் திறந்து பார்த்தபோது, இரண்டு அலகும் சேருகிற மூட்டில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. காய்ந்த ரத்தம். அடுத்த கத்தரியிலும் இருந்தது, அதற்கடுத்த இடுக்கியிலும் இருந்தது. மூடின வாக்கிலேயே கழுவி அனுப்பியிருக்கிறாள். வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, மூட்டுக்குள் அப்படியே அழுக்கு.

அக்கா சிவப்புச் சீட்டை எடுத்துத் தேதி எழுதினாள். எழுதும்போதே பழைய பட்டாசு தொண்டைவரை வந்துவிட்டது. 'ஏன்டி, கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்க?' ஜன்னலைத் திறந்தால் அது வெளியே போய்விடும். அவளுக்குப் பயமாக இருந்தது. முந்தின ஞாயிறுதான் போதகர் பிரசங்கித்திருந்தார், வேலையிடத்தில் நாம் வாயால் பேச வேண்டாம், நம் கைகள் பேசட்டும் என்று. காலையில் கேட்ட 'ரெண்டும் பொட்டப் புள்ளைங்க' இன்னும் காதில் இருந்தது. மூன்று சீட்டு தாண்டினால் ஒப்பந்த ஆளுக்கு வேலை போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தாள். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அறையின் மூலையில் இருந்த கை கழுவும் தொட்டியில் அந்த மூன்றையும் திறந்து போட்டுத் தேய்த்து, மறுபடி பூதக்கண்ணாடியில் பார்த்து, திருப்தியானதும் பதிவேட்டில் எழுதினாள்: 'முதல் சோதனையில் சுத்தம்.'

அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று பஸ்ஸில் யாரையும் திட்டாமலே வீடு வந்து சேர்ந்தாள். வழியில் ஒரு பல் துலக்கும் பிரஷ் வாங்கினாள், நாளைக்கு வேண்டியிருந்தாலும் இருக்கும் என்று.

வேண்டியிருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும், வாரம் முழுவதும், மாதம் முழுவதும். எக்ஸ்பிரஸ் மூடின கத்தரிகளை மலைமலையாக அனுப்பினாள். அக்கா ஒவ்வொன்றையும் திறந்து தேய்த்தாள். சாப்பாட்டு இடைவேளை பத்து நிமிடமாகச் சுருங்கியது, விரல் நுனிகள் வெந்துபோயின, பிரஷ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்தன. அந்தப் பக்கமோ, எக்ஸ்பிரஸ் கழுவி முடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "என்னக்கா, உங்க பக்கம் இவ்வளவு நேரமாவுது?" என்று கேட்பாள். கேட்கிறவளைக் கடித்துத் துப்பிவிடலாமா என்று இருக்கும். அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைச் சிரித்துச் சிரித்து அவளுக்குத் தாடை வலி வந்ததுதான் மிச்சம்.

சபைப் பெண்கள் கூடுகையில் ஒரு முறை, கர்த்தர் தங்களை நடத்துகிற விதத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில், பெயரைச் சொல்லாமல் இதைச் சொன்னாள். என்னோடு வேலை செய்கிற ஒருத்தியின் தவறை நான் தினமும் சுமக்கிறேன் என்று. எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு வாரத்துக்குத் தெம்பு கிடைத்தது.

வீட்டில் மட்டும் சாட்சி எடுபடவில்லை. புருஷன் கண்ணாடி வெட்டுகிற கடை வைத்திருந்தார். கண்ணாடி வெட்டுகிறவருக்கு இருக்க வேண்டிய நிதானம் அவரிடம் இருந்தது, பேச்சு மட்டும் வெட்டுதான்.

"கோபம் அவ மேல, திட்டு விழறது இங்க," என்றார் ஒரு நாள், மகளிடம் எதற்கோ அவள் எரிந்து விழுந்தபோது. "தொறந்து கழுவுடின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன். வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

"உங்களுக்குப் புரியாதுங்க. நான் வாயத் தொறந்தா அது கர்த்தருக்குச் சாட்சியா இருக்காது."

"இப்ப மட்டும் என்னவா இருக்கு?"

பத்தாவது படிக்கிற மகள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, பொறுமையைத் தாரும் என்று ஜெபிக்க உள்ளே போனாள். பொறுமை வந்ததா என்றால், வந்தது. அதுதான் வினையாகிப் போனது.

எட்டாவது மாதம் சபையில் பெண்களுக்கு மூன்று நாள் முகாம் வந்தது. அக்கா வருடக்கணக்காக எடுக்காத விடுப்பை எடுத்துக்கொண்டு போனாள். முகாமில் நன்றாகப் பாடினாள், நன்றாக அழுதாள், தூங்கினாள். அவள் இடத்தில் சாயங்கால ஷிப்டில் இருந்து ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். கறார்க்காரி. சொந்தத் தங்கை தப்புச் செய்தாலும் சீட்டு எழுதுகிறவள்.

நான்காம் நாள் காலை அக்கா வேலைக்கு வந்தபோது மேசைமேல் ஒரு தாள் இருந்தது. தலைமை நர்ஸைப் போய்ப் பார்க்கவும்.

தலைமை நர்ஸ் சத்தம் போடுகிறவர் அல்ல. மூக்கில் இறங்குகிற கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றி ஏற்றி, மெதுவாகப் பேசுவார். அதுவே போதும், எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு வேர்த்துவிடும். அவர் முன்னால் பதிவேடும் அதன்மேல் ஒரு சிவப்புச் சீட்டுக் கட்டும் இருந்தன.

"நீங்க இல்லாதப்போ அந்தக் கழுவுற பொண்ணுக்குப் பதினாலு சீட்டு," என்றார். "நீங்க இருந்த எட்டு மாசத்துல எத்தனைன்னு தெரியுமா?"

அக்காவுக்குத் தெரியும்.

"ஒண்ணுகூட இல்ல. தினமும் உங்க கையெழுத்து இருக்கு. முதல் சோதனையில் சுத்தம், முதல் சோதனையில் சுத்தம். அதே ஆளு, அதே கத்தரி. இதுக்கு ரெண்டே அர்த்தம்தான். மூணு நாள் வந்தவ பொய்ச் சீட்டு எழுதியிருக்கணும், இல்ல, நீங்க எட்டு மாசமா திறந்தே பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கணும்."

"மேடம், நான் ஒவ்வொண்ணும் பார்த்தேன்."

"பார்த்தீங்கன்னா சீட்டு எங்க?" கண்ணாடி ஏறியது. "இந்த எட்டு மாசத்துல எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்திருக்கும், யோசிச்சீங்களா? உங்களைப் பொய் சொல்லாதவங்கன்னு இந்த ஆஸ்பத்திரியே சொல்லுது. நாளைக்குக் காலைல என்ன நடந்துச்சுன்னு எழுதிக் கொடுங்க."

அக்கா படியிறங்கி வந்தாள். எட்டு மாதம் விரல் வேக உழைத்தவளைப் பார்த்துச் சோம்பேறி என்கிறார்கள்! இல்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் எட்டு மாதத்து அழுக்கும் எக்ஸ்பிரஸ் தலையில் விழும். சொல்லாவிட்டால் அத்தனை நோயாளிகளையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியவள் என்கிற பழி. அன்று முழுக்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் தலை நிமிரவில்லை, பேசவில்லை. அக்காவும் பேசவில்லை.

சாயங்காலம் போதகருக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அமைதியா இருங்க சகோதரி, உங்க சாட்சி உங்களுக்காகப் பேசும்," என்றார். ஜெபம் செய்துவிட்டு வைத்தார். அக்கா போனைக் கட்டில்மேல் எறிந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் எறிந்த முதல் பொருள் அது.

"அமைதியா இருந்துதானே இந்தக் கதி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

புருஷன் போனை எடுத்து உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. முதல் சோதனையில் சுத்தம்னு எழுதினியே, அது முதல் சோதனையா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை டிரே, எட்டு மாதத்துக்கு எத்தனை கையெழுத்து என்று கணக்குப் போட்டாள். வேலையிடத்தில் ஒரு பொய் சொன்னதில்லை என்று கூடுகையில் எழுந்து நின்று சொன்னவள், தினம் முப்பது பொய்யை நீல மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். எழுதும்போது ஒரு தரம்கூட அது பொய்யென்று தோன்றவில்லையே, அதுதான் அவளை உலுக்கியது. அன்பு அன்பு என்று நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறாள்.

மறுநாள் காலை தலைமை நர்ஸ் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நம்ப வைப்பதற்கு அவளிடம் இருந்ததெல்லாம் பையில் கிடந்த ஒரு தேய்ந்த பிரஷ்தான். அதை மேசைமேல் வைத்தாள். தலைமை நர்ஸ் அதைத் தொடவில்லை.

"இதை வச்சு எங்க கழுவுனீங்க?"

"மூலைல இருக்கிற தொட்டிலதான் மேடம்."

"கை கழுவுற தொட்டியில. கட்டி முடிச்ச டிரே பக்கத்துல. ரத்தத்தை." கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவர் கண்ணாடி கழற்றி அக்கா பார்த்ததே இல்லை. "திறந்து பார்க்காம விட்டிருந்தீங்கன்னா சோம்பேறித்தனம்னு புரிஞ்சுக்குவேன். இது என்னன்னே எனக்குப் புரியல. சுத்தமான ரூமுக்குள்ள அழுக்கைக் கொண்டுவந்து கழுவியிருக்கீங்க. எதுக்கு?"

"அவ வேலை போயிடக் கூடாதுன்னு மேடம். மூணு சீட்டு தாண்டினா..."

"புது ஆளுக்கு முதல் மாசம் பழகுற மாசம். அந்த மாசம் எத்தனை சீட்டு வந்தாலும் கணக்குல வராது. சீட்டுக்குப் பின்பக்கமே அச்சடிச்சிருக்கு. முப்பது சீட்டு அனுப்பியிருந்தாலும் அவளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

அக்கா அந்தச் சீட்டை ஆயிரம் முறை கையில் எடுத்திருக்கிறாள். ஒரு முறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

தலைமை நர்ஸ் சீட்டுக் கட்டைப் பிரித்து மூன்று பிரிவாக வைத்தார். "முதல் நாள் பதினொண்ணு. ரெண்டாம் நாள் மூணு. மூணாம் நாள் இல்லவே இல்ல. ரெண்டே நாள்ல கத்துக்கிட்டா. ஆனா மூணு தாண்டினதும் ஒப்பந்தக் கம்பெனிக்குத் தகவல் போயாச்சு. அவங்க வேற ஆள் அனுப்பறாங்க. இந்த வாரத்தோட அவ வரமாட்டா. உங்களுக்கு எழுத்துல எச்சரிக்கை வரும். அந்தத் தொட்டியை இன்னைக்கே கழற்றச் சொல்லிட்டேன்."

"என்னை அனுப்புங்க மேடம்," என்றாள் அக்கா. "தப்பு என்னோடது."

"நீங்க நிரந்தர ஊழியர். உங்களை அனுப்ப நான் அஞ்சு இடத்துக்கு எழுதணும், ஆறு மாசம் விசாரணை நடக்கும். அவளை அனுப்ப எழுதவே வேண்டாம். அடுத்த வாரம் அட்டவணையில பேர் இருக்காது, அவ்வளவுதான்."

அக்காவுக்குள் பன்னிரண்டு வருடமாக அடைத்து வைத்தது அப்போது உடைந்தது. மேசையை ஓங்கித் தட்டினாள். இது என்ன நியாயம், தெரிந்தே செய்தவளுக்குக் காகிதம், தெரியாமல் செய்தவளுக்கு வாசலா, சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான், கூலிக்காரி என்றால் கேட்க ஆளில்லை என்று நினைப்பா, எந்தக் கம்பெனியோ அந்த நம்பரைக் கொடுங்கள் நானே பேசுகிறேன் என்று கத்தினாள். வெளியே நடந்துபோன இரண்டு நர்ஸ்கள் நின்றுவிட்டார்கள். ஆமென் அக்காவா அது?

தலைமை நர்ஸ் முடியும்வரை கேட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தச் சத்தத்துல கால்வாசி போதும், எட்டு மாசத்துக்கு முன்னாடி அந்த ஜன்னல்ல போட்டிருக்கலாம்," என்றார். "கம்பெனி நம்பர் கீழ ஆபீஸ்ல இருக்கு. பேசிப் பாருங்க. கேட்க மாட்டாங்க."

பேசினாள். இரண்டு முறை காத்திருக்கச் சொன்னார்கள், மூன்றாவது முறை வைத்துவிட்டார்கள்.

சட்டப்படி அவள் ஜன்னல் வழியாகத்தான் பேச வேண்டும். பேசவில்லை. வராந்தாவைச் சுற்றிக்கொண்டு போய், தொங்கிய மேலங்கியை மாட்டிக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் கழுவும் அறைக்குள் நுழைந்தாள். சோப்பு நெடி. தரையெல்லாம் ஈரம். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது பெரிய அறை மாதிரி இருந்தது, உள்ளே வந்தால் இரண்டு பேர் நிற்கவே இடமில்லை. எக்ஸ்பிரஸ் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீரில் கிடந்தது. வேகம் கொஞ்சமும் குறையவில்லை.

"என்னை மன்னிச்சிரு," என்றாள் அக்கா.

"தலைமை நர்ஸம்மா கூப்பிட்டுச் சொன்னாங்க," என்றாள் அவள், திரும்பாமல். "எட்டு மாசமா நீங்கதான் கழுவுனீங்களாம். நான் பாட்டுக்கு எக்ஸ்பிரஸ், எக்ஸ்பிரஸ்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். இங்க என்னைச் சேர்த்தப்போ அரை நாள் சொல்லிக் கொடுத்தாங்க. அன்னிக்குன்னு பார்த்து வந்ததெல்லாம் வெறும் கிண்ணமும் தட்டும்தான். கத்தரி எப்படின்னு யாரும் காட்டல. சீட்டு வரல, அதனால சரியாத்தான் கழுவறோம்னு நினைச்சேன்."

"எனக்கு அது தெரியாதும்மா. நீ அவசரத்துல செய்யறேன்னு..."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." இப்போது திரும்பினாள். அழுத முகம் இல்லை, கோப முகம். "நாலடி தூரத்துல இருந்தீங்க. ஜன்னலைத் தட்டி, ஏய் தொறந்து கழுவுடின்னு திட்டியிருக்கலாம். திட்டு வாங்காத ஜென்மமா நானு? திட்டு வாங்கினா வேலை தெரிஞ்சுக்குவேன். அந்தப் பொம்பளை எழுதினாளே பதினாலு சீட்டு, ஒவ்வொண்ணுக்கும் கத்துனா. அவகிட்டதான் நான் வேலை கத்துக்கிட்டேன்."

எக்ஸ்பிரஸ் குழாயை மூடினாள்.

"யார்கிட்டயுமே சொல்லலயா இதை?"

பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை. "சபையில சொன்னேன்," என்றாள். "உன் பேரைச் சொல்லல."

"அங்க சொல்ல மட்டும் வாய் இருந்துச்சு." எக்ஸ்பிரஸ் கையுறையோடு முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சொன்னாங்க அவங்க?"

"ஸ்தோத்திரம்னாங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பா அது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கழுவிய டிரேயைத் தூக்கி ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் தள்ளினாள். அங்கே எடுக்க ஆள் இல்லை, எடுக்க வேண்டியவள் இங்கே நின்றாள்.

"எங்கயாவது வேலை இருந்தா நான் கேட்டுப் பார்க்கறேன்," என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரர் கடைல, தெரிஞ்ச இடத்துல, எங்கயாவது. நீ என்ன திட்டணும்னாலும் திட்டு. மன்னிச்சேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

எக்ஸ்பிரஸ் அடுத்த டிரேயை இழுத்து, முதல் கத்தரியைத் திறந்து தண்ணீரில் போட்டாள்.

"எட்டு மாசமா தினம் தினம் என்னை மன்னிச்சீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம," என்றாள். "நானும் மன்னிச்சாலும் மன்னிப்பேன்க்கா. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."